நெருப்பில் பிறக்கும் குளிர்

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், இண்டூர்)



"அடுப்பைப் பற்ற வைத்தால் பெட்டி ஜில்லென்று ஆகும்" என்று யாராவது சொன்னால் நாம் சிரிப்போம். ஆனால் இது நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பொறியியலில் நிரூபிக்கப்பட்ட உண்மை. கரண்ட் கம்பியே இல்லாத இடத்தில் ஒரு கேஸ் சிலிண்டரும், விரல் நுனி அளவு நீலச் சுடரும் இருந்தால் போதும், பிரிட்ஜ் வேலை செய்யும். அதில் மோட்டார் கிடையாது, கம்ப்ரசர் கிடையாது, விசிறி கிடையாது. சத்தமும் கிடையாது.

வெப்பப் பொறியியல் பாடத்தில் 'ஆவி உறிஞ்சு குளிர்பதன முறை' என்று ஒரு பகுதி வரும். படம் வரைவோம், பாகம் குறிப்போம், மார்க் வாங்குவோம், மறந்து விடுவோம். அந்தப் படத்துக்குள் இருக்கும் பொருள் என்ன, அது எங்கே பயன்பட்டது, அதை எப்படிப் பராமரிப்பது, நம்ம ஊருக்கு அது தேவையா, தேவையில்லையா என்பதை இக்கட்டுரையில் கணக்குப் போட்டுக் காண்போம்.

கேள்வி எங்கிருந்து வந்தது?

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் உள்ளது எங்கள் இண்டூர். ஊருக்கு வெளியே கொல்லையில் இருக்கும் கொட்டாய்தான் எங்கள் வீடு. அப்பா பெங்களூரில் கட்டட வேலை. அம்மா ஆடு மேய்க்கிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அதனால் கரண்ட் பில் முதல் மருந்துச் சீட்டு வரை எல்லாக் கேள்வியும் என்னிடம்தான் வரும்.

என் ஆயாவுக்குச் சர்க்கரை வியாதி. தினம் இன்சுலின் போட வேண்டும். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. பக்கத்துக் கொட்டாய் அத்தை வீட்டு பிரிட்ஜில், முட்டை வைக்கும் தட்டுப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஆயாவின் மருந்து இருக்கும். காற்று மழையில் மரம் சாய்ந்து லைன் அறுந்தால் அத்தை வீட்டு பிரிட்ஜும் வெறும் அலமாரிதான்.

அப்படி ஒரு ராத்திரி ஆயா கேட்டது:

"ஏண்டா சாமி, கரண்டே இல்லாத ஊருங்க எத்தனையோ இருக்குது. அங்கெல்லாம் மருந்த எப்படிடா கெடாம வெச்சிருப்பாங்க?"

"கேஸ்ல ஓடற பிரிட்ஜ் இருக்குது ஆயா. அடுப்பு மாதிரி எரியும், உள்ள சில்லுனு ஆவும்."

"போடா, படிச்சவன்னு எங்கிட்டயே கத வுடறியா?"

ஆயாவை நம்ப வைக்க வேண்டுமானால் முதலில் எனக்கே தெளிவாகப் புரிய வேண்டுமல்லவா? அதற்காகத் தேடிப் படித்ததைத்தான் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

குளிர் என்பது என்ன?

குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. வெப்பத்தை எடுத்துவிட்டால் மீதி நிற்பதுதான் குளிர். ஊசி போடும் முன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவும்போது சில்லென்று இருக்கிறதே, அது ஏன்? ஸ்பிரிட் ஆவியாகும்போது நம் தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே காரணத்தால்தான். திரவம் ஆவியாக மாற வேண்டுமானால் அதற்கு உள்ளுறை வெப்பம் தேவை. அதைப் பக்கத்தில் இருக்கும் பொருளிடமிருந்து பிடுங்கிக் கொள்ளும்.

இந்த வேலையில் அம்மோனியா கெட்டிக்காரன். சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்துவிடும். 0 டிகிரியில் ஒரு கிலோ அம்மோனியா ஆவியானால் சுமார் 1260 கிலோ ஜூல் வெப்பத்தை விழுங்கும்.

வீட்டு பிரிட்ஜில் கம்ப்ரசர் செய்வது இரண்டே வேலைதான். ஒன்று, ஆவியான குளிர்பதனப் பொருளை உறிஞ்சி எடுப்பது. இரண்டு, அதை அழுத்திக் கண்டென்சருக்குத் தள்ளுவது. அங்கே அது வெப்பத்தை வெளியே விட்டு மறுபடி திரவமாகும். கம்ப்ரசரைத் தூக்கிவிட்டால் இந்த இரண்டு வேலையையும் யார் செய்வது?

முதல் வேலையைத் தண்ணீர் செய்கிறது. அம்மோனியாவுக்குத் தண்ணீர் மேல் அவ்வளவு ஆசை. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 700 லிட்டர் அம்மோனியா வாயுவைக் கரைத்துக்கொள்ளும். இரண்டாவது வேலையை நெருப்பு செய்கிறது. அந்த அம்மோனியாத் தண்ணீரைச் சூடாக்கினால் கரைந்த அம்மோனியா மறுபடி ஆவியாக வெளியேறிவிடும். உறிஞ்சுவது தண்ணீர், துரத்துவது நெருப்பு. இவ்வளவுதான் ரகசியம்.

பாஸ்டன் பனிக்கட்டியும் இரண்டு மாணவர்களும்

இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தெரியாத காலத்தில் சென்னைக்கு ஐஸ் கப்பலில் வந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி உலகமெல்லாம் அனுப்பினார். 1833இல் முதல் கப்பல் நான்கு மாதம் பயணம் செய்து கல்கத்தா வந்து சேர்ந்தது. சென்னையில் அந்த ஐஸை வைக்க 1842இல் கடற்கரையில் கட்டிய கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். இன்று அது விவேகானந்தர் இல்லம்.

1859இல் பிரான்சு நாட்டு பெர்டினாண்ட் கார்ரே என்பவர் அம்மோனியாவும் தண்ணீரும் கொண்டு, நெருப்பின் வெப்பத்தால் ஐஸ் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. ஒரு பக்கம் அதிக அழுத்தம், மறுபக்கம் குறைந்த அழுத்தம். குறைந்த பக்கத்திலிருந்து அதிக பக்கத்துக்குக் கரைசலை ஏற்ற ஒரு பம்ப் வேண்டும். பம்ப் என்றால் அதைச் சுற்ற ஒரு சக்தி வேண்டும். நெருப்பு மட்டும் போதாது.

அந்தப் பம்பையும் தூக்கி எறிந்தவர்கள் யார் தெரியுமா? நம்மைப் போன்ற மாணவர்கள்! பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இருவர். 1922இல் சுவீடனில் ஸ்டாக்ஹோம் அரசத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக் கொண்டிருந்தபோதே இதை உருவாக்கினார்கள். 1925இல் எலக்ட்ரோலக்ஸ் கம்பெனி அந்தக் கண்டுபிடிப்பை வாங்கியது. விஞ்ஞானி ஐன்ஸ்டீனும் லியோ சிலார்டும் இதே போல ஓடும் பாகமில்லாத வேறொரு பிரிட்ஜை வடிவமைத்து 1930இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். அது கடைக்கு வரவில்லை. மாணவர்களின் பிரிட்ஜோ உலகம் முழுவதும் விற்றது.

மூன்றாவது ஆள்: ஹைட்ரஜன்

அவர்கள் செய்த தந்திரம் என்ன? அம்மோனியா, தண்ணீர் இரண்டோடு ஹைட்ரஜனையும் உள்ளே விட்டு முழுக் குழாயையும் வெல்டிங் செய்து மூடிவிட்டார்கள். இதைப் புரிந்துகொள்ள டால்டனின் பகுதி அழுத்த விதி தேவை.

சாயங்காலப் பென்னாகரம் பஸ்ஸை நினைத்துக் கொள்ளுங்கள். உள்ளே எழுபது பேர். அதில் இண்டூர் ஆட்கள் இருபது பேர். பஸ்ஸின் நெரிசல் எழுபது பேருக்குரியது. ஆனால் அந்த நெரிசலில் இண்டூர்க்காரர்களின் பங்கு இருபதுக்குரியதுதான். வாயுக் கலவையும் இப்படித்தான். மொத்த அழுத்தத்தில் ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு பங்கு உண்டு. ஒரு திரவம் எந்த வெப்பநிலையில் ஆவியாகும் என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பொருளின் பங்கு அழுத்தம்.

இனி முழுச் சுற்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

1. ஜெனரேட்டர்: அடியில் சுடர் எரிகிறது. செறிவான அம்மோனியாக் கரைசல் கொதிக்கிறது. உலை பொங்கும்போது குமிழிகள் கஞ்சியை மேலே தூக்கி வருவதைப் போல, அம்மோனியாக் குமிழிகள் ஒல்லியான குழாய் வழியாகக் கரைசலையும் மேலே தூக்கி விடுகின்றன. இதற்குக் குமிழி பம்ப் என்று பெயர். பம்பின் வேலையை நெருப்பே செய்துவிட்டது.

2. நீர் பிரிப்பான்: ஆவியோடு வரும் கொஞ்சம் தண்ணீர் இங்கே குளிர்ந்து கீழே வடியும். அம்மோனியா மட்டும் மேலே போகும்.

3. கண்டென்சர்: பெட்டியின் பின்புறம் மேலே இருக்கும் தகடு வைத்த குழாய். அங்கே அம்மோனியா வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துத் திரவமாகிறது. வெளிக்காற்றே 40 டிகிரி என்றால் அதற்குச் சுமார் 15.5 பார் அழுத்தம் தேவை. ஆகவே கம்பெனியிலேயே உள்ளே அழுத்தத்தை அதைவிட உயர்த்தி வைத்து மூடியிருப்பார்கள்.

4. எவாப்பரேட்டர்: திரவ அம்மோனியா இங்கே வரும்போது ஹைட்ரஜன் காத்திருக்கிறது. மொத்த அழுத்தம் அதே அளவுதான். ஆனால் பெரும்பங்கு ஹைட்ரஜனுடையது. அம்மோனியாவின் பங்கு 2 பார் அளவுக்கு இறங்கினால் அது மைனஸ் 19 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். அதற்குத் தேவையான வெப்பத்தைப் பெட்டிக்குள் இருந்து எடுக்கும். இங்கேதான் குளிர் பிறக்கிறது.

5. அப்சார்பர்: அம்மோனியாவின் மூலக்கூறு எடை 17. ஹைட்ரஜனுக்கு 2. அம்மோனியா கலந்த வாயு கனமாக இருப்பதால் தானாகக் கீழே இறங்கும். அங்கே மேலிருந்து வடியும் நீர்த்த கரைசல் அம்மோனியாவை மட்டும் உறிஞ்சிக் கொள்ளும். ஹைட்ரஜன் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. லேசாகி மறுபடி மேலே எவாப்பரேட்டருக்குப் போய்விடும். செறிவான கரைசல் ஜெனரேட்டருக்குத் திரும்பும்.

முழுச் சுற்றிலும் மொத்த அழுத்தம் ஒன்றே. ஆகவே வால்வும் வேண்டாம், பம்பும் வேண்டாம். புவியீர்ப்பும், எடை வித்தியாசமும், ஒரு சுடரும் போதும்.

தருமபுரியில் பிரிட்ஜ் ரிப்பேர் செய்யும் அண்ணன் ஒருவரிடம் இந்த வகையைப் பற்றிக் கேட்டேன். ஓட்டல் அறைகளில் வைக்கும் சத்தமில்லாத சின்ன பிரிட்ஜ்களில் பல இந்த வகைதான். அவற்றில் சுடருக்குப் பதில் ஒரு மின் ஹீட்டர் இருக்கும். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, அதுல கம்ப்ரசரே இல்ல, ரிலே இல்ல. நான் எதக் கழட்டி எதச் சரி பண்றது?" என்றார்.

கம்பி எட்டாத இடங்கள்

அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வீடு போலவே அமைந்த கேரவன் வண்டிகளில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவார்கள். காட்டோரம், ஆற்றோரம் நிறுத்தினால் அங்கே மின் இணைப்பு கிடையாது. அந்த வண்டிகளில் பல காலம் பெரும்பாலும் இந்த பிரிட்ஜ்தான் இருந்தது. ஒரே பெட்டியை வீட்டு மின்சாரம், வண்டியின் 12 வோல்ட், புரொப்பேன் வாயு என மூன்று வழியில் இயக்கலாம்.

'பேட்டரி இருக்கும்போது கேஸ் எதற்கு?' என்று கேட்கலாம். கணக்குப் பாருங்கள். 12 வோல்ட்டில் அதன் ஹீட்டர் 150 வாட் எடுக்கிறது என்று கொள்வோம். 150ஐ 12ஆல் வகுத்தால் 12.5 ஆம்பியர். 100 ஆம்பியர் அவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியை எடுப்பதுதான் அதற்கு நல்லது. 50ஐ 12.5ஆல் வகுத்தால் நாலே மணி நேரம்! அதனால்தான் வண்டி ஓடும்போது மட்டும் 12 வோல்ட், நின்றுவிட்டால் கேஸ் என்பது அங்கே வழக்கம்.

இதைவிட முக்கியமான இடம் மருத்துவம். தடுப்பூசி மருந்துகள் பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 1974இல் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, மின்சாரம் இல்லாத நாடுகளின் கிராம மருத்துவ நிலையங்களில் மண்ணெண்ணெயிலும் கேஸிலும் இயங்கும் உறிஞ்சு முறை பிரிட்ஜ்கள் பல ஆண்டுகள் தடுப்பூசிகளைக் காத்தன. மண்ணெண்ணெய் விளக்கு போலத் திரி போட்டு எரிப்பார்கள். திரியைத் தினமும் கத்தரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஆயா கேட்ட கேள்விக்கு நேரான பதில் இதுதான்.

ஆனால் இதில் ஒரு ஆபத்தும் உண்டு. சுடரைக் கூட்டிக் குறைத்து வெப்பநிலையைச் சரியாக நிறுத்துவது கஷ்டம். மருந்து சூடானாலும் கெடும், உறைந்தாலும் கெடும். டி.பி.டி., ஹெபடைடிஸ் பி போன்ற தடுப்பூசிகள் உறைந்துவிட்டால் வீரியம் போய்விடும். இன்சுலினும் அப்படியே. ஆகவே 'ஜில்லென்று இருந்தால் போதும்' என்பது மருந்து விஷயத்தில் செல்லாது.

இயக்குவோர் கவனிக்க வேண்டியவை

இந்த பிரிட்ஜில் பழுதாக ஒன்றும் இல்லை என்று தோன்றும். ஆனால் அதற்கென்று சில நிபந்தனைகள் உண்டு.

1. சமமட்டம்: நிறுத்தி வைக்கும் இடம் மட்டமாக இருக்க வேண்டும். கரைசல் தானாக வடிந்தால்தான் சுற்று நடக்கும். சாய்ந்து நின்றால் குழாயில் கரைசல் தேங்கும், ஜெனரேட்டர் வறண்டு அளவுக்கு மேல் சூடேறும். துருப்பிடிக்காமல் இருக்கக் கலந்துள்ள சோடியம் குரோமேட் படிந்து குழாய் நிரந்தரமாக அடைத்துக்கொள்ளும். ஓடும் வண்டியில் ஆட்டம் இருப்பதால் திரவம் முன்னும் பின்னும் போய் வரும். நின்ற வண்டியின் சாய்வுதான் எமன். எனவே ரச மட்டம் வைத்துப் பார்ப்பது நல்லது.

2. காற்றோட்டம்: பின்பக்கம் கீழிருந்து குளிர்ந்த காற்று நுழைந்து, மேலே சூடான காற்று வெளியேற வேண்டும். சுவரோடு ஒட்டி வைத்தால் கண்டென்சர் வேலை செய்யாது. நம் சித்திரை வெயிலில் இது இன்னும் முக்கியம்.

3. சுடர்: நீலமாக, ஆடாமல் எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் காற்று போதவில்லை, புகைக்கூண்டில் கரி படியும். ஜெட் துளையைக் குண்டூசியால் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும். ஸ்பிரிட்டில் ஊற வைத்து உலர்த்த வேண்டும். சுடர் அணைந்தால் கேஸை நிறுத்தும் தெர்மோகப்பிள் வால்வு கட்டாயம் வேலை செய்ய வேண்டும்.

4. வாயு: நம் நாட்டு எல்.பி.ஜி. புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் மைனஸ் அரை டிகிரியில்தான் கொதிக்கும். பனி பெய்யும் நாட்டில் சிலிண்டருக்குள்ளேயே அது ஆவியாகாமல் நின்றுவிடும். அதனால்தான் அங்கே மைனஸ் 42 டிகிரியில் கொதிக்கும் புரொப்பேன். நமக்கு அந்தக் கவலை இல்லை. நம் வீட்டு அடுப்பு ரெகுலேட்டர் சுமார் 30 சென்டிமீட்டர் நீர்த்தம்ப அழுத்தத்தில் கேஸைக் கொடுக்கும். அமெரிக்க வண்டிகளில் 11 அங்குலம், அதாவது 28 சென்டிமீட்டர். இருந்தாலும் பர்னர் ஜெட் எந்த வாயுவுக்கு, எந்த அழுத்தத்துக்கு என்று தகட்டில் பார்க்காமல் இணைக்கக் கூடாது.

5. பொறுமை: போட்டவுடன் குளிராது. பல மணி நேரம் ஆகும். சூடான குழம்பை அப்படியே உள்ளே வைக்கக் கூடாது. கதவை அடிக்கடி திறக்கக் கூடாது.

6. உயிர்ப் பாதுகாப்பு: எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் படரும். மூடிய அறையில் சுடர் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனை கிடையாது. ஆகவே எரிந்த புகை வெளியே போக வழி இருந்தே ஆக வேண்டும். அம்மோனியா நெடியோ, குழாயில் மஞ்சள் கறையோ தெரிந்தால் உடனே அணைத்துவிட்டு விலகுங்கள். குழாய்க்குள் இருப்பது அழுத்தத்தில் அடைத்த அம்மோனியாவும் ஹைட்ரஜனும். அதில் வெல்டிங் வைப்பது விளையாட்டல்ல.

செலவுக் கணக்கு

சிறிய கேஸ் பிரிட்ஜ் ஒன்று நாளைக்கு 300 கிராம் எரிவாயு எடுப்பதாகக் கொள்வோம். ஒரு கிலோ எல்.பி.ஜி. சுமார் 46 மெகா ஜூல் வெப்பம் தரும்.

0.3 × 46 = 13.8 மெகா ஜூல். யூனிட்டில் சொன்னால் சுமார் 3.8 யூனிட் வெப்பம். 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் சராசரி 160 வாட்.

இந்த முறையின் செயல்திறன் கெழு சுமார் 0.2 என்று வைத்தால் கிடைக்கும் குளிர்ப்பு 32 வாட். 14.2 கிலோ எடையுள்ள வாயு 47 நாள் வரும்.

அதே 32 வாட் குளிர்ப்பைக் கம்ப்ரசர் பிரிட்ஜ் செய்தால்? கெழு 1.5 என்று வைத்தால் 21 வாட் மின்சாரம், நாளைக்கு அரை யூனிட். அந்த அரை யூனிட் மின்சாரத்தை உண்டாக்க அனல் மின் நிலையத்தில் மூன்று மடங்கு வெப்பம் எரிப்பார்கள் என்று கொண்டாலும் ஒன்றரை யூனிட் வெப்பம்தான். கேஸ் பிரிட்ஜுக்கு 3.8. அதாவது இரண்டரை மடங்கு எரிபொருள்.

ஆக, கம்பி இருக்கும் இடத்தில் கேஸ் பிரிட்ஜ் நஷ்டம். கம்பி இல்லாத இடத்தில் அந்த 0.2 கூடப் பெரிய வரம். கெழு என்பது வெறும் எண். இயந்திரம் எங்கே நிற்கப் போகிறது என்று தெரியாமல் அந்த எண்ணை வைத்து நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

நம்ம ஊருக்கு எது பொருந்தும்?

இண்டூரில் கரண்ட் இருக்கிறது. போனாலும் வந்துவிடும். நமக்குத் தேவை கரண்ட் இல்லாத அந்தச் சில மணி நேரத்தைத் தாண்டுவதுதான். இதற்குப் பாடம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கிறது. அங்கே தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். மேலே திறக்கும் கதவு. உட்சுவரைச் சுற்றிலும் தண்ணீர் ஐஸாக உறைந்திருக்கும். நாளைக்கு 8 மணி நேரம் மின்சாரம் வந்தால் போதும், மீதி நேரத்தை அந்த ஐஸ் பார்த்துக்கொள்ளும்.

மலைக் கிராமங்களுக்குத் தடுப்பூசி போவதும் ஐஸ் பேக் வைத்த கேரியர் பெட்டியில்தான். நம் மாவட்டத்தில் பென்னாகரம் தொகுதிக் கோட்டூர் மலைக்கு 2021 சட்டமன்றத் தேர்தலில் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை மேல் போனது செய்தித்தாளிலேயே வந்தது. அப்படிப்பட்ட பாதையில் பெட்டியின் எடை ஒவ்வொரு கிலோவும் கணக்கு. இப்போது மின்சாரமில்லாத மருத்துவ நிலையங்களுக்குப் பேட்டரியே இல்லாத சூரிய ஒளி பிரிட்ஜ்கள் வந்துவிட்டன. பகலில் வெயிலில் ஐஸ் செய்து வைத்துக்கொண்டு இரவைத் தாண்டுகின்றன. பல நாடுகளில் மண்ணெண்ணெய், கேஸ் பிரிட்ஜ்களின் இடத்தை இவை பிடித்துவிட்டன.

இதையே வீட்டில் செய்யலாம். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் நான்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் ஊற்றி பிரீசரில் உறைய வையுங்கள். நிறைய ஊற்றினால் ஐஸ் விரிந்து பாட்டில் வெடிக்கும். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோ ஜூல் வேண்டும். மூன்று கிலோ என்றால் 1002 கிலோ ஜூல். பெட்டிக்குள் 32 வாட் வெப்பம் நுழைவதாக வைத்தால் இது எட்டரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும். பெரிய பிரிட்ஜானால், கதவைத் திறந்து மூடினால், நேரம் குறையும். மருந்து டப்பா மட்டும் ஐஸில் படவே கூடாது. பிரீசருக்கு அடியிலும் வேண்டாம். பத்து ரூபாய் செலவில்லாத வேலை இது. அத்தை வீட்டு பிரிட்ஜில் இப்போது நான்கு பாட்டில்கள் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன.

முடிவுரை

நண்பர்களே! கேஸ் பிரிட்ஜின் காலம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்தத் தத்துவம் பெரிய உருவில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தொழிற்சாலைகளில் வீணாகப் போகும் நீராவியைக் கொண்டு, லித்தியம் புரோமைடு கரைசல் முறையில் கட்டடங்களையே குளிர்விக்கிறார்கள். நெருப்பு எங்கிருந்து வந்தாலும் அதற்குச் சம்மதம்தான். சாண எரிவாயுவாக இருக்கலாம், கரும்புச் சக்கையாக இருக்கலாம்.

இறுதியாண்டு வந்ததும் புராஜெக்ட்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கி, பெயிண்ட் அடித்து, பெயர் எழுதி வைப்பது நம்மிடையே இருக்கும் பழக்கம். அந்தப் பணத்தில் பழைய ஓட்டல் பிரிட்ஜ் ஒன்றை வாங்கி, குழாயில் கை வைக்காமல், ஹீட்டருக்கு எத்தனை வாட் கொடுத்தால் உள்ளே எத்தனை டிகிரி, ஒரு பக்கம் சாய்த்தால் என்ன ஆகிறது, 40 டிகிரி வெயிலில் என்ன ஆகிறது என்று ஒரு மாதம் அளந்து எழுதினாலே அது நம் சொந்தப் புராஜெக்ட். ஆசிரியர்கள் துணையோடு அடுத்த ஆண்டு மாணவர்கள் அதில் சாண எரிவாயுவை முயன்று பார்க்கலாம். நம் மாவட்டத்தில் மாட்டுக்கும் பஞ்சமில்லை, வெயிலுக்கும் பஞ்சமில்லை.

ஸ்டாக்ஹோமில் அந்த இருவரும் 1922இல் மாணவர்களாகத்தான் இருந்தார்கள். 'பம்ப் இல்லாமல் முடியாது' என்பதை அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. பாடப்புத்தகத்தில் பாகம் குறிக்கும் ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய தேவை இருக்கிறது. அந்தத் தேவையைத் தெரிந்துகொண்டு படித்தால் மார்க்கும் வரும், வேலையும் தெரியும், வீட்டில் கேட்கும் கேள்விக்குப் பதிலும் சொல்ல முடியும்.